மணிக்கூடு லண்டனில் இல்லை

எங்கள் இணையக் கருத்துக்களத்தில் புதிதாக மட்டுறுத்துனர் வேலையை, அதாவது வருகிற பதிவுகளைப் பார்த்து வெட்டும் வேலையை, ஏற்றிருக்கும் தம்பிமாரே, தங்கைச்சிமாரே, உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நாலு வார்த்தைதான் வேண்டுமென்றால் இவை: பொறுங்கள், பொறுங்கள், பொறுங்கள், பொறுங்கள். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேலையிலிருந்து ஓய்ந்தவனிடம் நேரம் நிறைய இருக்கும். கேட்டுவிட்டீர்கள், இனி அனுபவியுங்கள்.

இத்தாலியில், பலேர்மோவில் நான் மூன்று வேலை பார்த்தேன். காலையில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு பல் வைத்தியரின் வீட்டைத் துடைத்தேன். வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும், அதாவது அந்த நாட்டில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு ஓய்வு என்று ஒதுக்கிய நேரத்தில், வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் நம்மவர் ஒருவர் நடத்திய தொலைபேசி, இன்டர்நெட் கடையில் மேசைக்கு இருந்தேன். மிச்ச நேரத்தில் களத்தை மட்டுறுத்தினேன். முதல் இரண்டுக்கும் சம்பளம் கிடைத்தது. மூன்றாவதற்கு ஏச்சுக் கிடைத்தது. மூன்றும் மற்றவர்கள் சிந்திவிட்டுப் போனதைத் துடைக்கும் வேலைகள் என்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

களத்தில் சமையலுக்கு ஒரு பகுதி, சினிமாவுக்கு ஒரு பகுதி, ஊர்ப்புதினத்துக்கு ஒரு பகுதி இருந்தது. என் கையில் கிடைத்தது பிரித்தானிய அரசியல். களத்தைத் தொடங்கியவர் நோர்வேயில் இருந்தார். நான் அவரை நேரில் கண்டதில்லை. ஏன் எனக்கு இதைத் தந்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். "அங்கை ஒருத்தரும் ரெண்டு மாதத்துக்கு மேலை நிண்டுபிடிக்கினமில்லை" என்றார். பதவி வழங்கும்போது அவர் தந்த பயிற்சி அவ்வளவுதான்.

பலேர்மோவில் இருப்பவர்களுக்குப் பிரித்தானிய அரசியல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஒவ்வொருவருக்கும் லண்டனில் ஒரு மச்சான் இருந்தார். இத்தாலியக் கடவுச்சீட்டு கைக்கு வந்த அடுத்த கிழமையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போவது என்று பாதிப்பேர் முடிவெடுத்திருந்தார்கள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் விடியற்காலை வரிசையில் நிற்கும்போதும், லண்டனில் எந்தக் கட்சி வந்தால் குடிவரவுச் சட்டம் இறுகும் என்றுதான் கதைப்பார்கள். ரோமில் இப்போது யார் பிரதமர் என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

அதோடு பந்தயம். லண்டனில் தேர்தலுக்குப் பந்தயம் பிடிப்பது சட்டப்படி சரி. குதிரைக்கு விலை போடுவதைப் போலவே கட்சிக்கும் வேட்பாளருக்கும் விலை போடுவார்கள். காசு வைத்தவன் தன் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு நிதானமாக யோசிப்பான், அதனால் பந்தயக்காரரின் விவாதம் தரமாக இருக்கும் என்று எனக்கு ஒருவர் சொன்னார். நான் ஏழு வருடம் பார்த்தேன். காசு வைத்தவன் தன் விருப்பத்தை இன்னும் சத்தமாகச் சொல்வான். வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

என் முதல் பெரிய சண்டை 2005 பொதுத் தேர்தலின்போது வந்தது. 'சிவப்புச்சட்டை' என்ற பெயரில் ஒருவர் ஆளும் கட்சிக்கும், 'நீலவானம்' என்ற பெயரில் ஒருவர் எதிர்க்கட்சிக்கும் மூன்று கிழமை அடிபட்டார்கள். இருவருக்கும் பிரித்தானியாவில் வாக்கு இல்லை. நீலவானம் சிவப்புச்சட்டையின் தகப்பனைப் பற்றி எழுதியதை நான் அழித்தேன். சிவப்புச்சட்டை நீலவானத்தின் தாயைப் பற்றி எழுதியதை அழித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் மேசைக்கு இருந்து பார்த்தால், இரண்டாம் இலக்க இயந்திரத்தில் ஒருவர் ஆத்திரத்தோடு தட்டுகிறார். அவர் தட்டி நிறுத்த, முதுகுக்கு முதுகு கொடுத்து ஐந்தாம் இலக்கத்தில் இருப்பவர் தட்டத் தொடங்குகிறார். நான் எழுந்து நின்று இருவரின் களப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் ஒரே கட்டடத்தில் மேல்மாடியும் கீழ்மாடியும். அன்று சேர்ந்து கோப்பி குடிக்கப் போனவர்கள் அதற்குப் பிறகு களத்தில் சண்டை பிடிக்கவே இல்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அன்று ஒரு பாடம் படித்தேன். அது பிழையான பாடம். ஒருமுறை பலித்த பாடம் பிழையானது என்று யாராலும் நம்மை நம்பவைக்க முடியாது. நான் இரண்டு வருடம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

இனி மணிக்கூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

'மணிக்கூடு' என்பது எங்கள் களத்தில் ஓர் உறுப்பினரின் புனைபெயர். பெயருக்குப் பக்கத்தில் லண்டன் மணிக்கூட்டுக் கோபுரத்தின் படம். பிரித்தானிய அரசியலில் மணிக்கூடு எழுதினால் மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு வாசிப்பார்கள். 2005இல் ஆளும் கட்சி வெல்லும், ஆனால் மெலியும் என்று எல்லோருக்கும் முதல் சொன்னவர் அவர். எந்த அமைச்சர் விலகுவார், எந்த இடைத்தேர்தல் கவிழும் என்று அவர் சொன்னதில் முக்காற்பங்கு சரியாக வந்தது. கட்டுரை மாதிரி எழுதமாட்டார். இரண்டு மூன்று வரிதான். "இந்த ஆள் சிரிக்கத் தொடங்கியிட்டார். இனி நாள் கணக்குத்தான்" என்று எழுதுவார். ஆள் போய்விடுவார். களத்தில் எல்லோரும் அவரை 'மணிக்கூட்டண்ணை' என்றார்கள். நாடாளுமன்றத்தில் வேலை செய்கிறார் என்றார் ஒருவர். இல்லை, நாடாளுமன்றத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் இடத்தில் வேலை செய்கிறார், அதனால்தான் உள்விசயம் தெரிகிறது என்றார் இன்னொருவர். மணிக்கூடு ஆம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

அவர் பெரும்பாலும் வியாழக்கிழமை எழுதுவார். இல்லாவிட்டால் ஞாயிறு. அதற்கும் சனம் காரணம் கண்டுபிடித்திருந்தது. புதன்கிழமை பிரதமரிடம் கேள்வி கேட்கும் நாள், அதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வியாழன் எழுதுகிறார் என்றார்கள். பிரித்தானியாவில் தேர்தல் நடப்பதும் வியாழக்கிழமை. எல்லாம் பொருந்தி வந்தது. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் கை ஓயும் ஆட்கள் யார் என்று எனக்குத் தெரியாதா? நானே அப்படிப்பட்ட ஆள்தான். என்றாலும் எனக்கு அது மண்டையில் ஓடவே இல்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

2007 இலையுதிர் காலம். பிரித்தானியாவில் புதுப் பிரதமர் வந்து சில மாதங்கள்தான். உடனே ஒரு தேர்தலை வைத்து வென்றுவிடப்போகிறார் என்று ஒரே பரபரப்பு. பத்திரிகைகள் எல்லாம் தேர்தல் வருகிறது என்றன. பந்தயக் கடைகளும் வரும் என்ற பக்கம்தான் சாய்ந்திருந்தன. வராது என்று காசு வைப்பவனுக்கு இரட்டிப்பாகவே கொடுத்தார்கள். களம் கொதித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மணிக்கூடு எழுதியது:

"தேர்தல் வராது. வெளிக்கிடுறவன் வெளிக்கிட்டுப் போயிடுவான். சப்பாத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிக்கிறவன் போகமாட்டான்."

அவ்வளவுதான். கீழே நூறு பேர் எழுதிவிட்டார்கள். அதில் ஒருவன் சுதன்.

சுதன் சொந்தப் பெயரில் எழுதுபவன். அப்படி எழுதுபவர்களைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள், அவர்களுக்கு மறைக்கத் தெரியாது. லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. கல்யாணம் கட்டி இருபது நாளில் திரும்பி வந்தவன். மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தாள். தமிழர் தங்கும் லொட்ஜ்களில் பொலிஸ் வந்து பதிவு பார்த்து, ஏன் கொழும்பில் நிற்கிறாய் என்று கேட்கும் காலம் அது. அவளைக் கூப்பிடச் சுதன் சேர்த்த காசு பாதிதான் தேறியிருந்தது. மிச்சப் பாதியைச் சேர்க்க இன்னும் ஒரு வருடம் வேண்டும். அவன் எழுதினான்:

"மணிக்கூட்டண்ணை சொன்னால் சரி. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. மனுசியைக் கூப்பிட வைச்சிருக்கிற காசை அப்பிடியே வைக்கப்போறன். இரட்டிப்பானால் வாற மாதம் அவள் இஞ்சை."

நான் அதை வாசித்துப் பயந்தேன். அதுவரை சரி, அந்த இடத்தில் பயப்படத்தான் வேண்டும். பயந்த பிறகு என்ன செய்தேன் என்பதில்தான் பிழை. ஒரு மனிதன் தன் மனைவியின் விசாக் காசைப் பந்தயத்தில் வைக்கப்போகிறான் என்பதை விட்டுவிட்டு, அவன் நம்பும் இந்த மணிக்கூடு யார் என்று தேடப் போனேன்.

மட்டுறுத்துனருக்கு யார் எந்த இணைப்பிலிருந்து எழுதுகிறார் என்று பார்க்கும் வசதி உண்டு. வசை, மிரட்டல் வந்தால் தவிர அதைப் பார்ப்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. திங்கட்கிழமை பார்த்தேன். மணிக்கூடு எழுதியது லண்டனிலிருந்து அல்ல. பலேர்மோவிலிருந்து. அதிலும் எங்கள் கடையிலிருந்து.

அந்த நாட்களில் இன்டர்நெட் கடைக்கு வருபவரின் அடையாளப் பத்திரத்தை நகல் எடுத்து, எந்த இயந்திரத்தில் எத்தனை மணிக்கு இருந்தார் என்று எழுதிவைக்கவேண்டும் என்று இத்தாலியில் சட்டம். அரசாங்கத்துக்காக எழுதிய அந்தக் கொப்பியைக் களத்துக்காக விரித்தேன். கேட்பாரில்லை, கடைத் திறப்புக் கொத்து என் இடுப்பில்தான் இருந்தது. ஞாயிறு, மூன்றாம் இலக்க இயந்திரம், மூன்றரை மணி. பெயரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பெயர்தான். பொலிதேயாமாவில் நான் துடைக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கண் தெரியாத ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, வீட்டோடு இருந்து பார்க்கும் அக்கா ஒருவர். பெயர் சொல்லமாட்டேன். அன்று தேடிப் பிடித்ததே போதும்.

நோர்வேக்குத் தொலைபேசி எடுத்து முழுக்கதையையும் சொன்னேன். களத்தைத் தொடங்கியவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "நீ பாத்துச் செய்" என்றார். மேலிடத்திலிருந்து உங்களுக்கு வரும் அறிவுரை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

பார்த்துச் செய்தேன். செவ்வாயும் புதனும் மணிக்கூட்டின் பதிவுகள் அத்தனையையும் முதலிலிருந்து வாசித்தேன், எங்கே பொய் சொல்லியிருக்கிறார் என்று பிடிப்பதற்காக. புதன் பின்னேரம் மணிக்கூட்டின் கணக்கைப் பூட்டிவிட்டு ஓர் அறிவிப்புப் போட்டேன்: "மணிக்கூடு லண்டனில் இல்லை. அவருக்கு உள்விசயம் தெரியும் என்று நம்பவேண்டாம்." பெயர் இல்லை, ஊர் இல்லை. அளவோடு, கண்ணியமாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கே திருப்தி. சுதனுக்கு அதையே தனிமடலாகவும் அனுப்பினேன். "விளங்கீட்டுது அண்ணை" என்று பதில் வந்தது. காசு தப்பியது என்று நினைத்தேன்.

களத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. அண்ணை என்றவர்கள் எல்லோரும் ஒரு மணித்தியாலத்துக்குள் கள்ளன் என்றார்கள்.

வியாழன் நாலு மணிக்கு அக்கா கடைக்கு வந்தார். பத்திரத்தைத் தந்தார், நகல் எடுத்தேன், மூன்றாம் இலக்கத்தில் போய் இருந்தார். களத்தை வாசிக்கக் கணக்குத் தேவையில்லை, எழுதத்தான் தேவை. பத்து நிமிடம் வாசித்திருப்பார். எழுந்து மேசைக்கு வந்தார். நான்தான் மட்டுறுத்துனர் என்பது பலேர்மோவில் எல்லோருக்கும் தெரியும், நானே சொல்லித் திரிந்த விசயம்.

"தம்பி, என்ரை கணக்கு துறக்குதில்லை."

"எந்தக் கணக்கு அக்கா?" என்றேன். இது சின்னத்தனம். அப்போதே தெரியும்.

"பூட்டின ஆளுக்குத் தெரியாதோ எந்தக் கணக்கெண்டு?"

"நீங்கள் லண்டனிலை இல்லையே அக்கா."

"நான் லண்டனிலை இருக்கிறன் எண்டு எப்ப எழுதினனான்? ஒரு இடம் காட்டுங்கோ பாப்பம்."

இரண்டு நாள் தேடியவன் நான். ஓர் இடமும் இல்லை.

"மணிக்கூட்டுக் கோபுரத்தின்ரை படம் போட்டிருக்கிறியள்."

"அது சிஞ்ஞோராவின்ரை அலுமாரியிலை ஒட்டியிருக்கிற அஞ்சலட்டை. வடிவாயிருந்தது, போட்டன். நீங்கள் உங்கடை பேருக்குப் பக்கத்திலை மயில் போட்டிருக்கிறியள். நீங்கள் மயிலோ?"

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

"சனம் உங்களை லண்டன் ஆள் எண்டெல்லே நினைச்சது."

"ஆம்பிளை எண்டும் நினைச்சது. அதையும் அறிவிப்பிலை போட்டிருக்கலாமே."

"அப்ப உங்களுக்கு உந்த அரசியல் எல்லாம் எப்பிடித் தெரியும்?"

"சிஞ்ஞோரா முப்பது வருசம் இங்கிலீசு படிப்பிச்ச மனுசி. பொலிதேயாமாவிலை பேப்பர்க் கடைக்கு லண்டன் பேப்பர் ஒரு நாள் பிந்தி வரும். நான் ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் வாசிச்சுக் காட்டுறன். நான் வாசிக்க வாசிக்க அவ பேசுவா. இவன் பயந்தவன், இவன் பொய்யன் எண்டு. ஆறு வருசமாய் வாசிக்கிறன் தம்பி. நாடாளுமன்றத்திலை இருக்கிறவங்களே அவ்வளவு வாசிச்சிருக்க மாட்டாங்கள்."

நான் வரிசையில் அடுத்தவரின் பத்திரத்தை வாங்கி நகல் எடுக்கப் போனேன். அக்கா விடவில்லை.

"சரி, அதை விடுங்கோ. அந்தப் பெடியனுக்கு நான் ஒரு வரி எழுதவேணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. துறந்து விடுங்கோ."

"அவனுக்கு நான் எழுதியிட்டன் அக்கா."

"என்ன எழுதினனீங்கள்?"

"அதுதான், மணிக்கூடு லண்டனிலை இல்லை எண்டு."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அதுவோ தம்பி அவனுக்குத் தேவை? காசை வைக்காதை எண்டு சொன்னனீங்களோ?"

"அது சொல்லாமலே விளங்கும்தானே. விளங்கீட்டுது எண்டு பதிலும் போட்டிருக்கிறான்."

"என்ன விளங்கினது எண்டு கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. ஆனால் வரிசையில் ஐந்து பேர் நிற்க, இருவர் என் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முதல்லை ஒரு மன்னிப்பு எழுதுங்கோ. நான் அதைப் போட்டுவிட்டுக் கணக்கைத் துறக்கிறன்" என்றேன்.

"என்ன பிழைக்கு மன்னிப்பு?"

"அது களத்தின்ரை விதி."

அப்படி ஒரு விதி இல்லை. அதை அந்த இடத்திலேயே நானே உண்டாக்கினேன். தம்பிமாரே, தங்கைச்சிமாரே, உங்கள் வாயில் விதி என்ற சொல் வரும் நேரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். பதில் இருப்பவன் பதிலைச் சொல்வான். பதில் இல்லாதவன்தான் விதியைச் சொல்வான்.

அக்கா பையை எடுத்தார். "சிஞ்ஞோராவுக்கு ஆறு மணிக்கு மருந்து. நான் போறன். நீங்களாவது அவனுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கோ, தேர்தல் வந்தாலும் வராட்டிலும் மனுசியின்ரை காசிலை பந்தயம் பிடிக்காதை எண்டு."

"ஓம், பாப்பம்" என்றேன்.

நான் எழுதவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். நான் சொன்னதற்கு மேல் இன்னொன்று சொல்ல இருந்தது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அக்கா வேறு பெயரில் புதுக் கணக்குத் தொடங்கியிருக்கலாம். புதுக் கணக்குக்கு என் ஒப்புதல் வேண்டும்.

வெள்ளிக்கிழமை சுதன் பந்தயக் கடைக்குப் போனான். அவனுக்கு விளங்கியது இதுதான்: மணிக்கூடு பொய்யான ஆள் என்றால் மணிக்கூடு சொன்னதும் பொய். மணிக்கூடு தேர்தல் வராது என்றது. ஆகவே தேர்தல் வரும். பத்திரிகைகளும் அப்படித்தான் சொல்கின்றன. வரும் என்பதற்கு விலை குறைவு, இரட்டிப்பு வராது. ஆகவே கையிலிருந்ததோடு அந்தக் கிழமைச் சம்பளத்தையும் சேர்த்து வைத்தான்.

சனிக்கிழமை பின்னேரம் பிரதமர் தேர்தல் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் வீட்டில் கணினிக்கு முன்னால் இருந்தேன். களத்தில் காற்று மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கள்ளன் என்றவர்கள் ஒவ்வொருவராக அண்ணை என்றார்கள். லண்டனில் இல்லாவிட்டால் அவர் நிச்சயம் ஏதோ தூதரகத்தில் இருக்கவேண்டும் என்று ஒருவர் எழுதினார். மணிக்கூட்டைப் பூட்டிய மட்டுறுத்துனரைப் பூட்டவேண்டும் என்று இன்னொருவர் எழுதினார். அதற்குள் சுதனின் தனிமடல் வந்தது. என்ன வைத்தான், ஏன் அப்படி வைத்தான் என்று ஒழுங்காக எழுதியிருந்தான். கடைசி வரி: "நீங்கள் சொன்னதிலை ஒரு பொய்யும் இல்லை அண்ணை."

என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். மட்டுறுத்துனர் வேலையில் அது நாள்தோறும் வருவது. இந்த வரியைப் போல் ஒன்றும் என்னைத் தைக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, மணிக்கூட்டின் கணக்கைத் திறந்தேன். அறிவிப்பை எடுத்தேன். எடுத்து என்ன?

எழுதியவர் யார் என்று தேடும் முன், அதை வாசித்தவன் எழுந்து போய் என்ன செய்யப்போகிறான் என்று கேளுங்கள். அவனிடமே கேளுங்கள். நான் இந்த வேலையில் கற்றது இது ஒன்றுதான். விலை கொடுத்தது நான் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போல மூன்றரைக்கு வந்தார். தேர்தல் இல்லை என்பதைச் சிஞ்ஞோராவின் வானொலியில் கேட்டிருந்தார். பத்திரத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"கணக்கைத் துறந்திட்டன் அக்கா. நேற்றே."

"அந்தப் பெடியன்?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன், நான் எழுதாமல் விட்டதையும். அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவனின்ரை நம்பர் இருக்கோ?"

உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை இன்னோர் உறுப்பினருக்குக் கொடுப்பது களத்திலிருந்து நீக்கப்படவேண்டிய குற்றம். அது உண்மையான விதி. எழுதிக் கொடுத்தேன்.

அக்கா தொலைபேசி இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதலில் ஏதோ சொன்னார். பிறகு சட்டென்று நிறுத்தினார். பிறகு நீண்ட நேரம் கதைத்தார். இருபது நிமிடம் இருக்கும். வெளியே வந்தபோது சீலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், கூண்டுக்குள் காற்று இல்லை.

"என்ன சொன்னவன்?" என்றேன்.

"மணிக்கூடு கதைக்கிறன் எண்டன். 'அண்ணை பக்கத்திலை நிக்கிறாரோ அக்கா, ஒருக்கால் குடுங்கோ' எண்டான்."

"நீங்கள்தான் அது எண்டு சொல்லேல்லையோ?"

"வாயெடுத்தனான். அவன் அழுதுகொண்டு நிக்கிறான் தம்பி. அந்த நேரத்திலை அவனுக்கு நான் ஆரெண்டு விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கவோ? அண்ணை வேலைக்குப் போயிட்டார், நான் அவரின்ரை மனுசி எண்டன். 'இனிப் பந்தயம் பிடிக்கவேண்டாமாம், சம்பளம் வந்த உடனை மனுசியின்ரை பேரிலை போடட்டாம் எண்டு அண்ணை சொல்லச் சொன்னவர்' எண்டன்."

"அவன்?"

"அண்ணை சொன்னால் சரி எண்டான்."

சுதன் அதற்குப் பிறகு பந்தயம் பிடிக்கவில்லை. மனைவி வந்து சேர 2009 மாசி ஆகிவிட்டது. அந்த ஒன்றரை வருடம் கொழும்பில் ஒரு லொட்ஜில் தனியாக இருப்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவளுடைய ஒன்றரை வருடத்தில் எத்தனை மாதம் என் கணக்கு என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

அக்கா எழுதுவதை விடவில்லை. விட்டுவிடுவார் என்று நான் பயந்தேன். வியாழனும் ஞாயிறும், இரண்டு மூன்று வரி, பழையபடி. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே சுதன் தவறாமல் வருவான். "நன்றி அண்ணை. அக்காவைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கோ" என்று எழுதுவான்.

மணிக்கூடும் தவறாமல் பதில் போடும்: "சொல்லிவிடுறன் தம்பி."